அவுக சாய்ந்த சுவர்

2024 நவம்பர் 18

நேற்றும் வெளியேதான் படுத்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டில். பனியில் போர்வை நனைந்து கனத்துவிட்டது.

மகன் ஈஸ்வரபாண்டி தேனியிலிருந்து போன் செய்தான். “பாம்பும் பன்னியும் நடமாடுற தோட்டத்துல ஒத்தையா வெளிய படுக்கலாமாம்மா? உள்ள படு. முடியலைன்னா தையில ஏங்கூட வந்துரு. கேபினை வருசநாட்டுல ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துருவோம்.”

போனை வைத்துவிட்டேன். தேனியில் போய் நான் என்ன செய்ய? இந்தக் கொடியையாவது பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நவம்பர் 19

ரோடு போட வந்த கம்பெனிக்காரர்கள் வேலை முடிந்து விற்றுப்போன சக்கர வீடுதான் இந்தக் கேபின். என் வீட்டுக்காரர்தான் வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்து நிறுத்தினாக. உள்ளே நாலு பக்கமும் மைக்கா ஒட்டின பழுப்புப் பலகை. லைட் போட்டாலும் பெட்டிக்குள் இருக்கிற மாதிரிதான்.

கட்டில் கிடந்த இடத்துக்கு மேலே, அவுக தலை சாய்ந்த இடம் எண்ணெய்க் கறையாக இருக்கிறது. புரட்டாசியில் அங்கனயே சாய்ந்தபடிதான் போனாக. கஞ்சி ஆற்றிக் கொண்டுவந்து கூப்பிட்டேன்.

அதைப் பார்த்துக்கிட்டே எப்படிக் கண்ணை மூடுறது?

நவம்பர் 22

வெள்ளையடித்துவிடலாம் என்று தோன்றியது. கொடிக்கு மருந்தடிக்க அவுக வாங்கிப் போட்ட சுண்ணாம்பும் மயில்துத்தமும் மிச்சம் கிடந்தது. கொடிக்குக் கரைக்கிற மாதிரியே கரைத்து, இன்னும் கெட்டியாக அடித்தேன். இளநீலமாக நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 23

காய்ந்ததும் அத்தனையும் பொரிந்து உதிர்ந்துவிட்டது. தரையெல்லாம் நீலப் பொடி. கறை மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

நவம்பர் 25

கம்பத்தில் பெயின்ட் கடை வைகுண்டராஜிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். “ஏக்கா, மைக்கா மேல சுண்ணாம்பு நிக்குமா? நல்லவேளை, கொடிக்கு வர்ற செவட்டை நோய் சுவருக்கு வராது போங்க.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, எதுக்குச் சிரிச்சேன் என்று இருந்தது.

உப்புத்தாள் போட்டு வழவழப்புப் போகத் தேய்க்கணுமாம். எண்ணெய் இருக்கிற இடத்தை அதுக்கு முன்னாடியே சோப்புப் போட்டுக் கழுவணுமாம். அப்புறம் பிரைமர், அதுக்கு மேலேதான் பெயின்ட்.

நவம்பர் 28

மூன்று பக்கம் தேய்த்தாயிற்று. கை எரிகிறது. நாலாவது பக்கம் சோப்புத் தண்ணியோடு போனேன். கிட்டே போனால் அவுக தலை வாசம். வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

நவம்பர் 30

அவுக தங்கச்சி மொக்கம்மாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“வருசம் திரும்பலை, அதுக்குள்ள வெள்ளையடிப்பா? என்ன மதினி, பொண்ணு பாக்க யாரும் வர்றாகளா?”

தேய்த்த தூசியைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். கறையைக் கண்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது. “இது எங்கண்ணன் சாஞ்ச இடம். இதை மட்டும் விட்டுரு மதினி.”

“நீ பாத்துட்டு உன் வீட்டுக்குப் போயிருவ ஆத்தா. பொழுது சாஞ்சா இங்கன இதைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறது நானு. இது இருந்தா என்னால உள்ள படுக்க முடியாது. உள்ள படுக்கலைன்னா எம்மவன் கேபினையும் வித்துருவான், என்னையும் கூட்டிட்டுப் போயிருவான்.”

காப்பி குடிக்காமலே போய்விட்டாள். நான் பேசினது தப்பா?

டிசம்பர் 2

கழுவிவிட்டேன்.

டிசம்பர் 5

பிரைமர் அடித்தும் அந்த இடத்தில் மட்டும் மஞ்சளாகக் கசிகிறது. போக மனசில்லையா அவுகளுக்கு? வைகுண்டராஜுக்குப் போன் போட்டேன். எண்ணெய் அப்படித்தான் ஊறுமாம், ஆயில் பிரைமர் ஒரு கை கொடுக்கச் சொன்னார்.

டிசம்பர் 9

வெள்ளை பெயின்ட் ரெண்டு கை அடித்து முடித்தேன். உள்ளே வெளிச்சம் நிறைய இருக்கிறது.

சாயங்காலம் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கணும் போல் இருந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. கட்டில் கால் பதிந்திருந்த தடத்தை வைத்துப் பார்த்தேன். இங்கனயா, இன்னும் கொஞ்சம் மேலயா. எல்லாம் ஒரே வெள்ளை. நானேதான அடிச்சேன். நானேதான அழிச்சேன். சுவத்தோட ஒட்டி உட்கார்ந்து அழுதேன். பெயின்ட் வாடை தவிர ஒன்றுமில்லை.

டிசம்பர் 10

வெளியே படுத்தேன்.

டிசம்பர் 14

நாலு நாளாக மழை. பந்தலுக்குக் கீழே ஒரே சகதி. வேறு வழியில்லாமல் கட்டிலை உள்ளே போட்டேன். அந்தச் சுவரைப் பார்த்தே படுத்தேன். பார்க்க ஒன்றுமில்லை. பாதிப் பேச்சில் தூங்கிவிட்டேன் போல. யாரிடம் பேசினேன்?

டிசம்பர் 17

மழை விட்டும் உள்ளேதான் படுக்கிறேன். மொக்கம்மாள் இன்னும் வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

2025 ஜனவரி 19

ஈஸ்வரபாண்டி வந்தான். கேபினை வித்து இழுத்துப்போக, டயருக்குக் காற்று அடிக்க ஆளையும் மெஷினையும் கூட்டி வந்திருந்தான். உள்ளே போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. கட்டில் விரிப்பை நீவிவிட்டுக்கொண்டு நின்றான்.

“இங்கனதான் படுக்கிறியாம்மா?”

“ஆமாய்யா.”

காற்றடிக்க வந்தவருக்கு டீ கொடுத்து, மெஷினை இறக்காமலே அனுப்பினோம். இருட்டுவதற்குள் மகனும் தேனி பஸ் ஏறிவிட்டான்.