சுவருக்குப் பின்னால் படுப்பவன்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முதல் ஃப்ரீ கிக்கின்போது நான் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாளரின் உத்தரவு.

கால்பந்தில் எதிரணி அந்தத் தடையில்லா உதையை உதைக்கும்போது நம் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து சுவராக நிற்பார்கள். பந்து வரும் நேரத்தில் எல்லோரும் எம்பிக் குதிப்பார்கள். அப்போது காலடியில் ஒரு சந்து விழும். அதை அடைக்கத்தான் ஆள் தேவை. கதவுக்கு அடியில் குளிர் வராமல் பழைய துணியைச் சுருட்டி வைப்பதில்லையா, அந்தப் பதவி.

பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் லேப்டாப். அவருக்கும் தெரியும், பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "இதுக்கு அனுபவசாலிதான் சார் வேணும். சின்னப் பசங்க பயந்து எழுந்துடுவாங்க," என்றார். படுப்பதற்கு அனுபவம் வேண்டுமாம். குழாய்ப் புகார் கவுண்டரில் இத்தனை வருடம் உட்கார்ந்தது வீண் போகவில்லை.

போன பருவம்வரை குடிநீர்த் துறை அணியின் ஃப்ரீ கிக் என் காலுக்குச் சொந்தம். இப்போது என் சகலையின் காலுக்கு. மனைவியின் அக்கா கணவர், வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவர். வயதில் எனக்கு இளையவர், உறவில் மூத்தவர். ஆகவே மரியாதை பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் பாய வேண்டும். எங்கள் துறையில் அதற்குப் பம்பு வைப்பார்கள். குடும்பத்தில் மாமியார் இருக்கிறார்.

பிப்ரவரி 4, புதன்

படுத்தேன். புல் ஈரம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. சகலை ஓர் எலுமிச்சம்பழத்தை மேசையில் சுழற்றிவிட்டு, பந்து காற்றில் எப்படி வளைகிறது என்று பாடம் எடுத்தார். "எல்லாம் மனசுதான் அத்தை. இப்படிப் போய் இப்படித் திரும்புடான்னு பந்துகிட்ட சொல்லிடுவேன். கேக்கும்." மாமியார் கண் கலங்காத குறை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பந்தின் நடுவில் உதைத்தால் நேரே போகும். நடுவை விட்டுவிட்டு வலது ஓரத்தில், பாதத்தின் உட்பக்கத்தால் தேய்த்தாற்போல உதைத்தால் சுழன்றுகொண்டே போகும். சுழலும் பந்தின் மேல்தோலோடு கொஞ்சம் காற்றும் ஒட்டிக்கொண்டு சுற்றும். அது ஒரு பக்கம் எதிர்க்காற்றோடு மோதித் தயங்கும், மறுபக்கம் அதோடு சேர்ந்து ஓடும். இதனால் பந்துக்குப் பின்னால் காற்று வலப்பக்கமாக ஒதுக்கப்படும். சும்மா ஒதுங்கிப் போகுமா? அது பந்தை இடப்பக்கம் தள்ளும். வளைவு என்பது அவ்வளவுதான், மனசுக்கு அங்கே வேலையில்லை என்று சொன்னேன்.

"தண்ணி வேணுமா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள்: "அத்தான் சொன்னா கேக்க நல்லா இருக்கு. நீங்க சொன்னா பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கு."

பிப்ரவரி 12, வியாழன்

லேப்டாப் தன் லேப்டாப்பில் என் போன வருடத்து உதைகளைப் போட்டுக் காட்டினார். "சுழற்சி குறைஞ்சுடுச்சு சார். ஏன்னுதான் தெரியல."

எனக்குத் தெரியும். இடது முட்டி.

உதைப்பது வலது கால். ஆனால் வளைப்பது இடது கால்தான். பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, வெளியே சாயும் உடம்பு முழுவதையும் அதுதான் தாங்குகிறது. அது பயந்தால் உடம்பு நிமிர்ந்துவிடும், வலது கால் பந்தின் நடுவிலேயே போய் விழும். சுழற்சி செத்துப்போகும்.

"வயசுதான்," என்றேன். முட்டி என்றால் அணியிலிருந்தே எடுத்துவிடுவார்கள். வயசு என்றால் அனுதாபத்தோடு படுக்க வைப்பார்கள். அணியில் இருந்தால்தான் அந்த உதை என்றைக்காவது திரும்பக் கிடைக்கும். எனக்கு அது வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

படுத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. சுவராக நிற்பவர்களின் கால்களுக்கு நடுவே, உதைப்பவரின் கால் மட்டும் தனியாகத் தெரியும். முகம், பேச்சு, புகழ் எதுவும் தெரியாது.

பயிற்சியில் சகலை எங்கள் சுவருக்கு மேலே உதைத்தார். ஊன்றிய இடது கணுக்கால் ஒரு கணம் உள்ளே மடிந்து நடுங்கியது. பந்து என் தலைக்கு மேலே போனது. தையல் தெரிந்தது. நன்றாகச் சுழலும் பந்தில் தையல் தெரியாது, வெறும் வெள்ளையாகத்தான் போகும்.

"காத்து சரியில்லப்பா," என்றார் சகலை.

காற்றே இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இன்றும் தையல். பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கக் காலுறையைக் கழற்றினார்கள், சகலை கழற்றவில்லை. குளிக்காமலே கிளம்பினார். கணுக்கால் பக்கம் காலுறை தடித்திருந்தது. உள்ளே கட்டு.

லேப்டாப்பிடம் சொல்லலாமா? சொன்னால் பொறாமை என்பார்கள். உண்மையிலேயே பொறாமைதான் என்பதால் மறுக்கவும் முடியாது. வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டுமே. ஆனால் வேறு யாரும் படுப்பதில்லை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் எல்லோர் முன்னாலும் பந்து நேரே போகும். போகட்டுமே. அவர் கால், அவர் மனசு. எனக்கென்ன வந்தது.

மார்ச் 6, வெள்ளி

பயிற்சியில் பந்தை வைக்கக் குனிந்த சகலை, கால்களின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். சட்டென்று விலகும் பார்வை அல்ல. நான் கண்ணை மூடிக்கொண்டேன். படுத்திருப்பவன் கண்ணை மூடினால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

மார்ச் 14, சனி

அரையிறுதி, மின்சாரத் துறையோடு. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஃப்ரீ கிக். சகலை ஓடிவந்து ஊன்றினார். ஒரு சத்தம் கேட்டது. பந்தின் சத்தமில்லை.

பந்து வளையவில்லை. வளையும் என்று நம்பி அவர்களுடைய கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தார். அது பாட்டுக்கு நேரே போய் வலப்பக்க வலையில் விழுந்தது. கோல். வெற்றி. எல்லோரும் சகலையைத் தூக்க ஓடினார்கள். அவர் ஏற்கனவே தரையில் கிடந்தார். மகிழ்ச்சியில் விழுந்துவிட்டார் என்று நினைத்து மேலே நாலு பேர் விழுந்தார்கள்.

"வளைக்காமலே ஏமாத்திட்டாரு பாத்தீங்களா! மூளைய்யா, மூளை!" என்று எங்கள் மேலாளர் என் முதுகில் தட்டினார்.

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி. கணுக்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. அறுவை சிகிச்சையாம். "இது நேத்து ஆரம்பிச்சதில்ல. வாரக்கணக்கா வலிச்சிருக்கும். கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டர் பொதுவாகக் கேட்டார். என் மனைவியும் அவள் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதார்கள்.

அவர்கள் டீ வாங்கப் போனதும் சகலை கேட்டார்: "உங்களுக்குத் தெரியும்ல?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

"நானா விட்டுக்குடுக்க முடியல சகலை. அத்தை முன்னாடி அவ்வளவு பேசிட்டு... வாயே வரல. நீங்க எப்படியும் போட்டுக்குடுத்துடுவீங்கன்னு தெனமும் பாத்துட்டு இருந்தேன். என் எடத்துக்கு அவ்வளவு அலையற ஆளு, இதக்கூடவா செய்ய மாட்டீங்க?" சிரிக்க முயன்றார். "உங்க பொறாமைய நம்பி மோசம் போயிட்டேன்."

நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலையே. கை வெச்சேனா, தள்ளிவிட்டேனா? ஒண்ணுமே பண்ணல— அதான். ஒண்ணுமே பண்ணல.

மார்ச் 17, செவ்வாய்

"ஃபைனலுக்கு ஃப்ரீ கிக் நீங்கதான் சார். வேற வழியில்ல," என்றார் லேப்டாப். தண்ணீர் வராதவர்கள்கூட என்னிடம் இதைவிட மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள்.

சரி என்றேன்.

மார்ச் 28, சனி

ஒன்று கிடைத்தது. உதைத்தேன். நேரே போய்ச் சுவரில் மோதியது. தோற்றோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாமியார் வீடு. சகலை ஊன்றுகோலோடு வந்தார். எலுமிச்சம்பழம் மேசையில்தான் இருந்தது. யாரும் தொடவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

புதிய பருவம். அணிக்கு வேறு உதைப்பவர் கிடைக்காததால் ஃப்ரீ கிக் என்னிடமே இருக்கிறது. சகலை திரும்பி வந்துவிட்டார். நடக்கிறார், மெதுவாக ஓடுகிறார், உதைக்கக் கூடாது. லேப்டாப் அவரை ஓரமாக அழைத்துப்போய்ப் பேசினார். "அனுபவசாலி" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

படுத்தார்.

பந்தை வைக்கக் குனிந்தேன். சுவரின் கால்களுக்கு நடுவே இரண்டு கண்கள். அவை என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

உதைத்தேன். பந்து அவர் தலைக்கு மேலே போனது.

மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்தில் வந்தார். "இன்னைக்குக் காத்து எப்படி சகலை?"

"சரியில்ல," என்றேன்.

"ம்."

வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். லேப்டாப் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சகலை எதுவும் பேசவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

முட்டி வீங்கியிருக்கிறது. நாளைக்காவது சொல்வார்.