ஒரு தலை, மூன்று நேர்த்திக்கடன்

மச்சான்,

போன வாரம் சாயங்கால பஸ் அரியலூருக்குள் நுழையும்போது, சீரியல் பல்பு மின்னும் ஒரு கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அப்பா, அது புது ஜவுளிக்கடைப்பா" என்றாள் மகள். பஸ்ஸே சிரித்தது. "உள்ள போனீங்கன்னா பிரசாதமா பில்லு குடுப்பாங்க சார்" என்றான் கண்டக்டர். நானும் சிரித்து வைத்தேன். இறங்கியதும் அவள் விடவில்லை. "யாருன்னே பாக்காம கும்புடுறியே, உனக்கு எந்த சாமிதாம்ப்பா?"

எட்டாங்கிளாஸோடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? "மழை வரும் போலருக்கு, நட" என்றேன். நீ இருந்திருந்தால் அவளை உன் பக்கம் தள்ளிவிட்டிருப்பேன். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

நீ வரதராசன்பேட்டை மாதா கோயில் வேதக்காரன், நான் மாரியம்மன் கோயில் தெருக்காரன். சொந்தம் எதுவும் இல்லாமலே மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் கூட்டாக மைக் செட் வைத்திருந்தோம். அம்மன் திருவிழா, மாதா தேர், தர்கா கந்தூரி எல்லாவற்றுக்கும் நம்முடைய அதே குழாய் ஸ்பீக்கர்தான் கத்தியது. மரத்தின் மேல் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டே நான் என் கண்டுபிடிப்புகளை அறிவிப்பேன். "பாத்தியா மச்சான், இங்கயும் கொடியேத்துறாங்க, அங்கயும் கொடியேத்துறாங்க. நாங்க விரதம், நீங்க தவக்காலம், பாய்ங்க நோன்பு. சாம்பிராணி மூணு எடத்துலயும் ஒரே வாசம்."

நீ கீழே ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தபடி, "சரி, எல்லாம் ஒண்ணுதான். மூணு பேரும் தனித்தனியா அட்வான்ஸ் குடுக்குறாங்கல்ல, அதைக் கெடுத்துடாத" என்பாய். என் ஆராய்ச்சிக்கு உன்னிடமிருந்து கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் உன் மகனும் என் மகளும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். மாதாவிடமும் மாரியம்மனிடமும் தர்காவிலும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்டோம். மகள் பிழைத்தால் முடி இறக்குகிறேன் என்று மூன்று இடத்திலும் நான் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தலை ஒன்றுதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் மகள் கண் விழித்தாள். உன் மகன் விழிக்கவில்லை.

இதைத்தான் இத்தனை வருஷமாக மண்டையில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றும் ஒன்று என்றால் நாம் கேட்டது ஒரே ஆளிடம். ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு பதில் எப்படி வரும்? மூன்றும் வேறு என்றால், கொடுத்தது யார், கையை விரித்தது யார்? பூசாரியைக் கேட்டேன், விதி என்றார். உங்கள் சாமியாரைக் கேட்டேன், கடவுள் சித்தம் என்றார். தர்கா பாயைக் கேட்டேன், அல்லாவின் நாட்டம் என்றார். பார், இதிலும் ஒற்றுமைதான்! இந்த ஒற்றுமையையா நான் மரத்துக்கு மரம் ஏறித் தேடினேன்?

தை மாதம் மொட்டை போட நாள் குறித்தோம். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது, நீயே வீட்டுக்கு வந்தாய்.

"ஒரே முடியை மூணு பேருக்குப் பேசி முடிச்சிட்டியாமே, பாவி."

என் மனைவி அழுதுவிட்டாள். "அழாத தங்கச்சி. முடியை மூணு பங்காப் பிரிச்சு முடிஞ்சு வச்சுக்க. எந்த சாமியும் எடை போட்டுப் பாக்காது" என்றாய்.

கோயிலில் முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் மனைவிக்கோ கூடப்பிறந்தவர்கள் இல்லை. "மாமன் யாருப்பா? நேரமாவுதுல்ல" என்று பூசாரி சத்தம் போட்டார். நீ சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மணையில் உட்கார்ந்தாய். கழுத்தில் சின்ன மாதா சுரூபம் தொங்கியது.

"இவரு..." என்று பூசாரி இழுத்தார்.

"மாமன்தாங்க. அவன் என்னை என்னா மொறை வச்சுக் கூப்புடுறான்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

பூசாரி சுரூபத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். நாவிதரிடம் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

மகள் திமிறினாள். நீ அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "தோ, முடிஞ்சுடுச்சு ஆயி, முடிஞ்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பிறகு கிண்ணத்துச் சந்தனத்தை வழித்து மொட்டைத்தலை முழுக்க நீயே பூசினாய். பூசி முடித்தும் உன் கை அங்கிருந்து வரவில்லை. உன் மகனுக்கு முப்பதாம் நாள் பூசை கொடுத்தது அதற்கு முந்தைய மாதம்தான்.

நிமிராமலே கேட்டாய். "மச்சான், நீதான் எல்லா சாமியையும் ஒப்பிட்டுப் பாத்தவன். சொல்லு, சாமி இருக்குல்ல?"

அத்தனை மரத்தின் மேலிருந்தும் வாய் ஓயாமல் பேசியவன் நான். "இருக்குடா" என்றேன். நீ தலையாட்டினாய். மற்ற இரண்டு பங்கு முடியையும் நீயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். அதன் பிறகு நான் மரமேறினால் வேலையை மட்டும்தான் பார்த்தேன். நீயும் ஏனென்று கேட்கவில்லை.

அன்றைக்கு என் நாக்கு நுனி வரை வந்து நின்றது வேறு. இன்னும் அது அங்கேயேதான் நிற்கிறது.

"இருந்துட்டுப் போவட்டும் மச்சான். ஒம்மவனை விட்டுட்டு எம்மவளை மட்டும் காப்பாத்துன சாமிக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரலடா."