நீலக் கோட்டின் அளவு

என் அன்பானவருக்கு,

நலமாக இருங்கள். பால வேலையில் உயரத்துக்கு ஏறும்போது இடுப்புக் கயிற்றை மறக்காதீர்கள். உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நான் நலமா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அம்மா மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டாள். முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள். தங்கை இறந்துபோன இந்த ஐந்து மாதத்தில் மிஷின் சத்தம் இப்போதுதான் கேட்கிறது. அது நின்றுவிடக் கூடாதே என்றுதான் அம்மா எது சொன்னாலும் தலையாட்டினேன்.

நான் இங்கே வந்த முதல் வாரமே அம்மா தங்கையின் நீலக் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து, "வீணாக் கிடக்கு, நீ போட்டுக்கோ" என்றாள். தோளைத் தாண்டி இறங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் சிட்டு, நான் உருண்டை, உங்களுக்குத் தெரிந்ததுதானே. உள்தையலில் இரண்டு விரல் துணி இருக்கிறது, பிரிச்சு விடும்மா என்றேன். "அது அவ அளவு. அதுல நான் கத்திரி வைக்க மாட்டேன். நீதான் கொஞ்சம் குறையணும்" என்றாள்.

நான் இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொள்ளும்போது அப்பா தட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். அத்தை ஒருநாள் வந்து, "துக்க வீட்டுல இருந்தும் உடம்பு வெச்சிருக்கியேடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் வெறும் தேநீர். மத்தியானம் பாதி. மூன்றாம் வாரம் கோட்டுக்குள் கை நுழைந்தது. போன வியாழக்கிழமை கடைசிப் பொத்தானும் மாட்டியது. அம்மா ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "சிட்டு" என்றாள். அப்பா கதவருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போதுதான் கோட்டுப் பைக்குள் கை விட்டேன். ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே ரொட்டித் துண்டுகள், கல்லாய்க் காய்ந்துபோய். தங்கைதான் எப்போதும் முதலில் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோவாள். "அவளைப் பாரு, எவ்வளவு அளவாச் சாப்பிடுறா" என்று அப்பா என்னிடம் காட்டுவார். அவள் இறந்தது இதயக் கோளாறில் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு என்று மருத்துவர் சொன்னதை இந்த வீட்டில் யாரும் இன்னொரு முறை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பொட்டலத்தைப் பிரித்து மிஷின்மேல் வைத்தேன். அம்மா பார்த்தாள். வெட்டுத் துணிகளோடு சேர்த்துக் கூடையில் தள்ளிவிட்டு, "திரும்பி நில்லு, முதுகுல சுருக்கம் விழுதான்னு பாக்கணும்" என்றாள்.

நான் திரும்பி நின்றேன்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். நேற்று மத்தியானம் குளிருக்காகக் கோட்டோடுதான் சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா தண்ணீர் குடிக்க அண்ணாந்தார். அவர் குனிவதற்குள் என் தட்டிலிருந்த ரொட்டி பைக்குள் போயிருந்தது. அப்படிச் செய்ய வேண்டுமென்று நான் நினைக்கவே இல்லை. ரொம்ப நாள் பழகின கைபோல, துளி சத்தம் இல்லை. அம்மா என் காலித் தட்டைப் பார்த்து, "சமத்து" என்றாள். தங்கையிடம் சொல்லும் அதே குரலில்.

என்னால் தனியாகக் கிளம்ப முடியவில்லை. இரண்டு தடவை பெட்டியை எடுத்துவிட்டு, மிஷின் சத்தத்தைக் கேட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். மேஸ்திரியிடம் எதையாவது சொல்லி நான்கு நாள் விடுப்பு வாங்குங்கள். வந்து என்னை அழைத்துப் போங்கள். கதவைத் திறக்கும்போது என்னைப் பார்த்து, இளைத்துவிட்டாயே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி