ஒட்டகச்சிவிங்கியின் தோல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம், பள்ளிக்கூடத்து ஒட்டகச்சிவிங்கியும் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அது எந்த ஒட்டகச்சிவிங்கி என்று கேட்பாய், சொல்கிறேன்.

இந்த வருடம் நம் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள்தான். முப்பதுக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிட்டு எல்லாரையும் டவுனுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். தலைமை ஆசிரியை என்று பேர், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, கிராமத்துப் பள்ளிகளுக்குக் கலைஞர்களை அனுப்பும் திட்டத்தில் ஒரு பொம்மைக்காரர் இரண்டு வாரத்துக்கு வந்தார், காகிதத்தைப் பசையில் ஊறவைத்துப் பெரிய பெரிய பொம்மை செய்கிறவர். பின்னம் என்றாலே பெஞ்சுக்கு அடியில் ஒளியும் நாலாம் வகுப்பு, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மொத்த உயரத்தில் மூன்றில் ஒன்றா ஐந்தில் இரண்டா என்று மல்லுக்கு நின்றது. இருபது வருடமாக எனக்குக் கைகூடாதது அது, பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் இத்தனை கணக்குப் போட்டவர்களில் ஒருவர்கூட வாசல் உயரத்தை அளக்கவில்லை, செய்து முடித்த ஒட்டகச்சிவிங்கி வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நடுவில் காகிதம் போதாமல் போனபோது, பீரோ மேலே இருக்கும் பழைய பதிவேட்டுக் கட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவருக்குத்தான் கொடுக்க ஆரம்பித்தால் கை நிற்காதே, மேஜையில் இருந்த இந்த வருட வருகைப் பதிவேட்டையும் சேர்த்துத் தாரை வார்த்துவிட்டார். பொம்மைக்காரருக்குக் கட்டம் போட்ட தாள் ஒட்டகச்சிவிங்கித் தோல் மாதிரியே தெரிந்ததாம், எல்லாவற்றையும் மேலாக ஒட்டிவிட்டார்.

மறுநாளே பிள்ளைகள் கணக்கைச் சரிபார்க்கக் கல்வி அதிகாரி வந்து நின்றார். இன்றைக்குத் தலையை எண்ணினால் போதாது, வருடம் முழுக்கப் பதிவு வேண்டும் என்றார். நான் ஒட்டகச்சிவிங்கியைக் கைகாட்டினேன். மனிதர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஏணி கேட்டார். காலில் முதல் மாதம், வயிற்றில் அடுத்த மூன்று என்று படித்துக்கொண்டே ஏறினார். நல்ல வேளை, நான் தாளின் ஒரு பக்கம்தான் எழுதுவேன், அந்த வீண்செலவுக்கு அப்பாவிடம் வாங்காத திட்டில்லை. பிள்ளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, சார் நான் முதுகுல இருக்கேன், சார் நான் வாலுகிட்ட இருக்கேன் என்று வழிகாட்டினார்கள். பொம்மைக்காரர் பயந்துபோய், தாளையெல்லாம் உரித்துத் தரட்டுமா என்று கேட்டார். அதிகாரி கழுத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, "முப்பத்தொண்ணும் இருக்கு, இதுல யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தாடைக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பள்ளி பிழைத்தது. நான் அலுவலக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வாசலை இடித்து அதை வெளியே எடுக்கலாம் என்கிறார் அப்பா, நான் விடமாட்டேன். அந்தப் பழைய பதிவேட்டுக் கட்டுக்குள் உன் மூன்றாம் வகுப்பும் இருந்திருக்கிறது, இடது காதில் உன் பெயர், நீ வந்த நாளுக்கெல்லாம் என் கையால் போட்ட குறி. தினமும் ஏணி போட்டு ஏறி அதைத் தொட்டுவிட்டுத்தான் பள்ளியைப் பூட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு. நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன், காதில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

உன் வரவைக் குறிக்கப் பேனாவோடு காத்திருக்கும்,
அம்மா