மிளகளவில் மிஞ்சிய முகம்

இன்று காலை உன் வீட்டுக்காரர் விழுப்புரத்துக்கு, என் போட்டோ லேபுக்கே வந்திருந்தார். துணிப்பையிலிருந்து உன் பெரிய கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார். "சும்மா கெடந்தா கெட்டுப்போயிடும்னு சொல்றாங்க. நீயே வச்சுக்கம்மா" என்றார். அவர் போனபின் கையில் எடுத்தேன். பிடி ரப்பர் பிசுபிசுத்துப் போயிருந்தது. பொத்தான்களின் இடுக்கில் மஞ்சள் ஏறிக் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். மஞ்சளும் சந்தனமும் பன்னீரும் கலந்த சடங்கு வீட்டு வாசனை. பேட்டரி போட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்துக் கல்லூரியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நீ. முகையூர்ப் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் நீ எடுத்த பிலிம் படங்களைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வருவாய். படிப்பு முடிந்ததும் நான் விழுப்புரத்தில் கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் படம் எடுக்கத் தொடங்கினாய். "ஆம்பளைங்க கேமராவ தூக்கிக்கினு வந்தா பொண்ணுங்க தலைய குனிஞ்சுக்குறாங்கடி. நான் போனா நிமிர்றாங்க" என்பாய். உண்மைதான். உன் பிலிம் சுருள்கள் பஸ்ஸில் வந்து சேரும். கழுவி எடுக்கும்போது அந்த நிமிர்ந்த முகங்களை முதலில் பார்ப்பவள் நான்.

பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் நீ வாங்கியது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளிநிறக் கேமரா. வெளியே வெயிலில் எடுத்த படங்களில் குறையே இல்லை. வீட்டுக்குள், குழல்விளக்கில் எடுத்தவற்றை ஆல்பம் அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான் வினை வந்தது. அந்த பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு நேராக லேபுக்கு வந்து நின்றாய்.

"இன்னாடி செல்வி இது? எல்லாருக்கும் மூஞ்சில மாவு பூசின மாதிரி இருக்குது."

உன்னைக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் காட்டினேன். நிழல் விழுந்த இடமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். புள்ளிகளை மறைக்கக் கேமராவே முகத்தை வழித்துவிட்டிருந்தது. உள்ளே பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்கும் சென்சார் நகக்கண் அளவுதான் என்று சொன்னேன். கடைக்காரர் மெகாபிக்சல் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்றாரே என்று நீ வாதாடினாய். பிறகு நிலக்கடலையை வைத்து நீயே கணக்குச் சொன்னாய்: "மல்லாட்டை காயவைக்கற மாதிரி போலடி. களத்துல பரப்பினா ஒவ்வொண்ணு மேலயும் வெயில் படும். அதே மல்லாட்டைய மொறத்துல கொட்டினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி பூஞ்சை புடிச்சுக்கும்." இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்ததாகத் தபால்தலை அளவு சென்சார் உள்ள கேமரா வந்தது. சில வருடங்கள் அதிலேயே ஓட்டினாய். பிறகு ஒரு நாள், பழைய பிலிமின் ஒரு கட்டம் அளவுக்கே சென்சார் உள்ள கேமராவைப் புதுச்சேரியில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் சோதித்துவிட வேண்டும் என்றாய். ஐப்பசி மாதம், மழை விட்ட சாயங்காலம். விளக்கு போடக் கூடாது என்றாய். நான் கருநீலப் புடவையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உக்காந்துட்டியா?" என்றாய்.

உனக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். விளையாடுகிறாய் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த பக்கம் கேமரா ஸ்டாண்டைத் திருப்பி, ஒரு படம் எடுத்து, பின்பக்கத் திரையில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாய்.

"தோ, இங்கதான் இருக்க" என்றாய்.

எழுந்துவந்து உன் கையைப் பிடித்தேன். "எத்தினி நாளாடி இப்பிடி?"

"சின்ன வயசுலருந்தே பொழுது சாஞ்சா கொஞ்சம் தடவிக்கினுதான் நடப்பேன். இப்ப பகல்லயே ஓரம் தெரியல. புதுச்சேரில காட்டினேன். விழித்திரை ஓரத்துலருந்து கருகிக்கினு வருதாம். மருந்து இல்லம்மான்னுட்டாரு டாக்டரு." பிறகு மெதுவாக, "வீட்டுக்காரருகிட்ட இன்னும் சொல்லல. உக்காரு, வெளிச்சம் போயிடப்போவுது" என்றாய்.

உட்கார்ந்தேன். நீ மூன்று கேமராவிலும் எடுத்தாய்.

மறுநாள் லேபில் மூன்றையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டு, வாசல் வெயிலில் மேசையைப் போட்டுப் பரப்பினோம். நடுப்பார்வை உனக்கு அப்போது நன்றாகவே இருந்தது. முதல் படத்தில் என் தலைமுடி தார் ஊற்றியதுபோல ஒரே கட்டி. கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறை. இரண்டாவதில் ரவை தூவியது போலிருந்தாலும் அது நான்தான் என்று தெரிந்தது. மூன்றாவதில் முடி பிரிபிரியாக நின்றது. கருநீலம் கருநீலமாகவே இருந்தது. நான் அழுதிருந்ததும் அதில் தெரிந்தது. உன் விரல் அதன்மேல் வெகுநேரம் இருந்தது.

"இத வாங்கிடப் போறேன்."

"இப்ப எதுக்குடி?"

"என் கண்ணுக்குத் தெரியாதத அது பாத்துக்கும்."

அதே கேமராவைத் தவணையில் வாங்கினாய். கொஞ்ச காலம் அது பார்த்துக்கொள்ளவும் செய்தது. மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் நீ எடுத்த முகங்களைப் பார்த்து, லேபுக்கு வரும் மற்ற போட்டோகிராபர்கள் எந்த கேமரா என்று விசாரித்தார்கள். எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

பிறகு திண்டிவனத்தில் அந்த மஞ்சள் நீராட்டு. ஃபைல்களை லேபில் திறந்தேன். பெண்ணுக்கு நலங்கு வைக்கிறார்கள். படத்தில் ஒரு புள்ளி இல்லை, அவ்வளவு சுத்தம். இடது மூலையில் சீர்வரிசைத் தட்டுகள். அடுத்த படத்தில் உன் கால் பட்டுத் தட்டு கவிழ்ந்து, ஆப்பிள்கள் ஜமக்காளத்தில் உருண்டு கிடக்கின்றன. அதற்கடுத்த படத்தில் வலது ஓரம் உன்னைப் பிடிக்க நீண்ட ஒரு கை. கைக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள். அவர்களில் ஒருத்தியும் பெண்ணைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கிறார்கள். ஒருத்தி வாயைப் பொத்தியிருக்கிறாள். ஒருத்தி பக்கத்திலிருப்பவள் காதில் ஏதோ சொல்கிறாள். அந்தப் பரிதாபம் ஒவ்வொரு முகத்திலும் இமை இமையாகப் பதிந்திருந்தது. சின்ன சென்சாராக இருந்திருந்தால் அது வெறும் இருட்டாகப் போயிருக்கும்.

ஓரங்களை வெட்டிவிட்டு, நடுவை மட்டும் ஆல்பத்துக்கு அடுக்கினேன். நீ வந்து திரையில் முகத்தை ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

"நான் இவ்ளோ கிட்ட நிக்கலயேடி. ஏன் வெட்டின?"

நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

"சொல்லு செல்வி. ஓரத்துல இன்னா இருந்துச்சு?"

"எல்லாரும் உன்னையே பாத்துக்கினு இருந்தாங்கடி."

"நல்லா வந்திருந்துச்சா?" என்றாய். நன்றாக வந்திருந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ எந்த வேலைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இருட்டு முழுசாக வந்து சேரக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவேன். ஆரம்பத்தில் லேபுக்கு வந்த படங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு அதையும் கேட்கவில்லை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றலாமா என்று ஒரு நாள் கேட்டேன். "ஏத்து. உனக்கு வெளிச்சமா இருக்கும்" என்றாய்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு உன்னை முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது உனக்கு நினைவு இருந்தது. "வெளிய வெயிலா?" என்றாய். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெயில்தான் என்றேன். "அப்ப மல்லாட்டை காஞ்சிடும்" என்றாய். காய்ச்சலில் சொன்னாயா, தெரிந்து சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நீ இல்லை.

அடக்கம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் போனை நீட்டி, "இதப் பெருசாக்கிக் குடும்மா, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்றார். எத்தனை பேரை எடுத்திருக்கிறாய், உன்னை யாரும் எடுக்கவில்லை. நானும்தான். அந்த ஐப்பசிச் சாயங்காலத்தில் நாற்காலியில் நீ ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். இருந்ததெல்லாம் சமையலறை வாசலில் நீ திரும்பிப் பார்க்கும் இந்த ஒரு படம். போனின் சென்சார் மிளகளவு. அதில் உன் முகம் எவ்வளவு இருக்கும், நீயே கணக்குப் போட்டுக்கொள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். புள்ளியைக் குறைத்தால் மூக்கு கரைந்தது. கூர்மையாக்கினால் கன்னமெல்லாம் சொறிசொறியாக ஆனது. இல்லாத கண்ணை எங்கிருந்து கொண்டுவர?

புள்ளியைக் குறைத்ததையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாம் வாசலிலிருந்து பார்த்து, "அப்பிடியே இருக்குதும்மா" என்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

என் மனதில் இருப்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இப்போதெல்லாம் கண்ணை மூடி உன் முகத்தை நினைத்தால், கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வருவதில்லை. திரையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தவளும் வருவதில்லை. நான் போட்ட அந்த பிரிண்ட்தான் வருகிறது. மூக்கு கரைந்து, கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறையோடு.