மேக அக்காவின் இலவச வகுப்பு

ஷிபான் கிராமம்
நான்காம் மாதம், பதினொன்றாம் நாள்

டோங்குவான் தொழிற்சாலையில் வேலை செய்யும் மருமகள் யான்பிங்குக்கு, மாமியார் சென் யூயிங் நலம் கேட்டு எழுதுவது.

முதலில் நல்ல செய்திகள். பெரியவன் மகன் ஜியான்ஹாவ் மாவட்ட உயர்பள்ளியில் முதல் பரீட்சையிலேயே வகுப்பில் நான்காவதாக வந்திருக்கிறான். என் மகள் வீட்டுப் பெண் ஷின்லூ கயிறு தாண்டும் போட்டியில் நிமிடத்துக்கு நூற்று எண்பத்தாறு தாண்டி வெள்ளி வாங்கிவிட்டாள். அவள் தம்பிக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மகள் சண்டைக்கு வருவாள். எல்லாருக்கும் மேலே உன் மகள் தாவ்தாவ். இன்னும் முதல் வகுப்புக்குப் போகவில்லை, அதற்குள் நானூற்றுப் பதினாறு எழுத்து படிக்கிறாள்.

போன மாதம் சந்தையில் உர மூட்டை, கடைப் பலகை, பேருந்தின் நெற்றி என்று எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். டோஃபு விற்கிற வூ, "சென் அக்கா, உன் பேத்திய என் தராசுப் பக்கம் கூட்டிட்டு வராதே, எடையையும் படிச்சிடப் போவுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதிலும் பாதி நாள் எருமை மேய்க்கப் போனவள். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

நான் போனை எடுக்கவில்லை என்று பதறியிருப்பாய். குழந்தை நன்றாக இருக்கிறாள், அதை முதலில் மனதில் போட்டுக்கொள். போனை அணைத்து அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன். அதில் யார் கேட்கிறார்களோ தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

பாலர் பள்ளியில் எழுத்து கற்றுத்தரக் கூடாதென்று சட்டம். வசதியுள்ளவர்கள் டவுனில் டியூஷன் வைக்கிறார்கள். நான் போனில் இலவசமாகக் கிடைத்த பாடங்களை வைத்துத் தொடங்கினேன். நல்ல பாடங்களும் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். நூடுல்ஸ் பெட்டிகளை வெட்டி அட்டை செய்தேன். ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து. பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து முற்றத்துச் சிமெண்டில் எழுதுவாள், வெயில் குடிப்பதற்குள் படித்துக் காட்டுவாள்.

பிறகுதான் போனில் மேக அக்காவின் குழு வந்தது. முகம் காட்டமாட்டாள், குரல் மட்டும். தேன் மாதிரிக் குரல். வகுப்பு இலவசம், ஆனால் தினமும் குழந்தை படிப்பதை வீடியோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெளியே. அறுபது நாள் தவறாமல் போட்டால் படக்கதைப் புத்தகங்கள் பரிசு. நான் ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தவளைக்கூட எழுப்பி உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அந்தப் பாவத்தை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் உப்பு, சோயா என்று சமையலறை எழுத்துகள். அப்புறம், "பாட்டிமாரே, நம்மைச் சுற்றியிருக்கிற எழுத்தெல்லாம் பாடம்தான்" என்றாள் மேக அக்கா. வாசலில் இருக்கும் வீட்டு எண் பலகை ஒரு நாள். பள்ளி வாயில் ஒரு நாள். கடைசியில் குடும்பப் பதிவுப் புத்தகம். தாவ்தாவ் விரல் வைத்து உன் பெயர், அவள் அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் தடுமாறாமல் படித்தாள். அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று மேக அக்கா கேட்டதற்கும் தானே பதில் சொன்னாள். நான் கை ஆடாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுபத்துமூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்பாய். ஊர் ஒலிபெருக்கியில் தினமும் சொல்கிறார்கள், பணம் கேட்டால் ஏமாற்று என்று. இவர்கள் ஒரு யுவான்கூடக் கேட்கவில்லையே.

அறுபத்திரண்டாம் நாள் பார்சல் வந்தது. எட்டுப் புத்தகங்கள், அதோடு ஒரு ரோஜா நிறச் சட்டை. போட்டுப் பார்த்தால் தையற்காரன் அளவெடுத்தது மாதிரி. தாவ்தாவ் கழற்றவே மாட்டேன் என்றாள். அவளைத் தூங்கவைத்த பிறகுதான் உறைத்தது. எங்கே அனுப்புவது என்று அவர்கள் என்னைக் கேட்கவே இல்லை. அப்போதும் வீடியோ போடுவதை நான் நிறுத்தவில்லை.

போன வியாழக்கிழமை பள்ளி விடும் நேரம். என் முழங்கால் வலியால் கொஞ்சம் பிந்திப் போனேன். அதற்குள் ஒரு பெண் வாயிலில் நின்று, "நான்தான் தாவ்தாவோட அம்மா. லீவு கிடைச்சு வந்துட்டேன்" என்றாளாம். உன் பெயர் சொன்னாள், டோங்குவான் சொன்னாள், "மாமியாருக்கு முட்டி வலி, அதான் நானே வந்தேன்" என்றும் சொன்னாள். உன் மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெங் டீச்சர்தான் குறுக்கே நின்று, "பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "போன் வண்டியில இருக்கு" என்று போனாள். வெள்ளை வேன். திரும்பி வரவில்லை.

போலீசுக்குப் போனேன். இளவயது அதிகாரி நல்லவன்தான், தேநீர் கொடுத்தான். "பாட்டி, புள்ள வீட்லதான இருக்கு? கேமரா பாக்கறோம், நீங்க கவலப்படாதீங்க" என்றான். குழுவைக் காட்டலாமென்று போனைத் திறந்தால் குழுவே இல்லை. பாடங்களும் இல்லை. அறுபத்தாறு நாள் வீடியோ மட்டும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். முயல் கதைப் புத்தகத்தின் பின் அட்டையில், உள்பக்கம், பென்சிலால் எழுதியிருந்தது: "தாவ்தாவ், அம்மா வருவேன். பெரிய வண்டியில் போவோம். பாட்டியிடம் சொல்லாதே." அதில் அவளுக்குத் தெரியாத எழுத்து ஒன்றுகூட இல்லை, யான்பிங். எல்லாம் நான் உட்காரவைத்துப் படிக்கவைத்த எழுத்து. படித்தாயா என்று கேட்டேன். "அன்னிக்கே படிச்சிட்டேன்" என்றாள், பெருமையாக.

இப்போது என்மேல் கோபம். "அம்மா வந்தாங்க, நீதான் தொரத்திட்ட" என்கிறாள். அது உன் அம்மா இல்லையடி என்றால், "அம்மாதான். போன்ல இருக்கற மாதிரியே வெள்ளையா இருந்தாங்க, கண்ணு பெருசா இருந்துச்சு" என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இரண்டு வசந்த விழாப் புத்தாண்டுக்கு நீ வரவில்லை. போனில் நீ பேசும்போதெல்லாம் உன் முகத்தை அந்தப் போனே வெள்ளையடித்து, கண்ணைப் பெரிதாக்கி, கன்னத்தைச் செதுக்கிக் காட்டுகிறது. சந்தையில் எந்தப் பெண்ணின் போனைப் பார்த்தாலும் அதே முகம்தான். உன் மகள் நானூற்றுப் பதினாறு எழுத்தை அடையாளம் காண்கிறாள், உன்னைத்தான்

இந்த வரியை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

எழுத்து மறந்த இடத்தில் தாவ்தாவைக் கேட்டுத்தான் எழுதினேன். சில எழுத்துகளை மட்டும் அவளிடம் கேட்கவில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

பள்ளிக்கு நானே கூட்டிப்போகிறேன், பள்ளி விடும் வரை வாயிலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காவல்கார நாய் என்று வூ கேலி செய்தான். நேற்று அவன் கேலி செய்யவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றதாகச் சொல்லிவிட்டு டோஃபுவைத் தானே வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அவசரமென்றால் பெங் டீச்சர் எண்ணுக்குக் கூப்பிடு. ஆர்டர் நேரத்தில் மேஸ்திரி லீவு தரமாட்டான் என்று எனக்குத் தெரியும், அதனால் வா என்று நான் எழுதவில்லை. மகனிடம் பக்குவமாகச் சொல், அவன் கோபக்காரன். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைகால் சுகமாக இருக்கட்டும், உன் வயிற்றில் பிறந்தது உன் மடியிலேயே வளரட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடு. பவுடர் வேண்டாம். வெளுக்கவைக்க வேண்டாம் என்று கடைக்காரனிடம் கண்டிப்பாகச் சொல். தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பும், இடது புருவத்து மச்சமும், இந்த இரண்டு வருடத்தில் வந்திருக்கிற சுருக்கமும் தெரிய வேண்டும். போனில் அனுப்பாதே. காகிதத்தில், இரண்டு பிரதி, ஒன்று பெங் டீச்சருக்கு, ஒன்று உன் மகளுக்கு. நாளைக்கு என்று தள்ளாதே, யான்பிங். சீக்கிரம் தபாலில் அனுப்பு.

மாமியார்,
சென் யூயிங்