கம்பெனி கேட்டுக்கு நண்டு கொண்டு வந்தவருக்கு

என் நைனா,

நேற்று நம்ம ஊருக்கே டூர் வந்தேன். சிரிக்காதே. கம்பெனியில் பன்னிரண்டு பேர் வேன் பிடித்துப் பழவேற்காடு போய்ப் பறவை பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். நான் பிறந்த ஊரே அதுதான் என்று அவர்களிடம் சொன்னதேயில்லை. மீஞ்சூர்க்காரி என்றே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

டச்சுக்காரர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளை எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். சின்ன வயசில் அதைப் பார்த்துப் பயந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், முதல் தடவை பார்ப்பது போல "அய்யோ, என்ன இது!" என்றேன். நன்றாக நடிக்கிறேன் நைனா. பழகிப்போச்சு.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஏரியில் கையால் தடவிப் பிடித்த நண்டை ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு கம்பெனி கேட்டில் வந்து நின்றாய். பக்கத்து சீட்டு நித்யா, "யாருடி இவரு?" என்றாள். "ஊர்ல தெரிஞ்சவர், நண்டு விக்கிறவர்" என்றேன். உன் காதில் விழுந்தது. சாக்கை என் காலடியில் வைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்று சொல்லிப் போனாய்.

அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவேயில்லை. பேசலாம், பேசலாம் என்று இருந்தேன். ஆடியில் நெஞ்சு வலிக்குது என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் காரியத்துக்குக்கூட ஆபீஸில் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவி நான்.

நேற்று, பூநாரைக் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. எல்லோரும் முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். அவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தடுமாற, நான் மட்டும் என்னையறியாமல் காலைச் சேற்றோடு தேய்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். தூக்கி வைத்தால் அடியில் படுத்திருக்கும் திருக்கை மீனை மிதித்துவிடுவோம், முள் ஏறிவிடும் என்று நம் ஜனங்கள் நடக்கிற நடை. ஊரை மறைத்தேன், பேச்சை மாற்றினேன். காலை மறந்துவிட்டேன்.

படகுக்காரர் பார்த்துவிட்டார். "எல்லாம் அந்தப் பொண்ணு மாரி காலத் தேச்சி நடங்க! ஏம்மா, நீ ஏரில எறங்கற ஊட்டுப் பொண்ணா? யாரு பொண்ணு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை நைனா.

"கோட்டைக்குப்பம் ஏழுமலை பொண்ணு" என்றேன்.

"நண்டு ஏழுமலை அண்ணன் பொண்ணா! உன்னப் பத்தி இன்னா பேச்சு பேசுவாரு! நண்டு எடுத்துனு கம்பெனிக்குப் போனேன், எம் பொண்ணு கையப் புடிச்சி உள்ள இட்டுனு போயி எல்லாருக்கும் 'எங்க நைனா'ன்னு காட்டிச்சி, நாற்காலி போட்டு டீ குடுத்தாங்கன்னு, பாக்கறப்பல்லாம் சொல்வாரு."

ஏன் நைனா அப்படிச் சொன்னாய்? என் மானத்தைக் காப்பாற்றவா? இல்லை, அப்படி நடந்திருக்கக் கூடாதா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாயா?

நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதேன். அந்தச் சத்தத்தில் பூநாரைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஒருத்தர்கூட போட்டோ எடுக்கவில்லை. நித்யா வந்து தோளைப் பிடித்தாள். "அன்னிக்கு கேட்டுக்கு வந்தாரே, அவர்தாண்டி எங்க நைனா" என்றேன். பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் நம் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். உன் போட்டோ முன்னால் நிறுத்தி, நீ ஊரெல்லாம் சொன்ன மாதிரியே "எங்க நைனா" என்று காட்டுகிறேன். இது சத்தியம். டீயும் போடுகிறேன், நாற்காலியும் போடுகிறேன். உட்காரத்தான் நீ இல்லை.

கோட்டைக்குப்பம் ஏழுமலையின் பொண்ணு,
சாந்தி